காத்தாடியைத் தினமும் பார்க்கிற பிள்ளைகளுக்கு மின்துறை வேலைகளை எப்படிச் சொல்லித் தருவது?

வள்ளியூர் டீச்சர் (கேள்வி)

வணக்கம். வள்ளியூர் பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். எங்கள் வகுப்பறை ஜன்னலைத் திறந்தால் காற்றாலைதான், எண்ணினால் முப்பது நாற்பது தேறும். ஆடி மாதம் ஜன்னலைத் திறந்தால் நோட்டு பறக்கும், அதனால் மூடியே வைத்திருப்போம், அது வேறு கதை.

இந்த வருடம் பத்துக்கும் பதினொன்றுக்கும் ‘நான் முதல்வன்’ (அரசின் வேலை வழிகாட்டித் திட்டம்) பாடவேளையில் சோலார், காற்றாலை, மின்சாரத் துறை வேலைகள் பற்றி நான் பேசுகிறேன் என்று தலைமையாசிரியரிடம் நானாகத்தான் கேட்டு வாங்கினேன். முதல் வகுப்பில் படம் போட்டு, புதுப்பிக்கத்தக்கது, புதுப்பிக்க இயலாதது என்று இரண்டு பத்தி பிரித்து, உலகம் வெப்பமாகிறது என்பது வரைக்கும் பேசினேன். ஏழாவது நிமிடத்தில் கடைசி பெஞ்சில் கொட்டாவி. முடிக்கும்போது ஏதாவது கேள்வி உண்டா என்றேன். ஒரு பையன் எழுந்து, “டீச்சர், காத்தாடிக்கு அடியில ஒரு கதவு இருக்கே, உள்ள யாராச்சும் இருப்பாங்களா?” என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் எனக்கும் தெரியாது. பதினாறு வருடமாக அந்தக் கதவைத் தாண்டித்தான் பஸ்ஸில் வருகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் வகுப்பில் நான்கைந்து பிள்ளைகளின் அப்பாமார் காற்றாலையில் வாட்ச்மேன். நிலத்தைக் கொடுத்த வீட்டில் ஒருவருக்கு வாட்ச்மேன் வேலை என்று வந்தது அது. அந்தப் பிள்ளைகளுக்குக் காற்றாலை வேலை என்றால் டார்ச்சும் நாற்காலியும்தான். மேலே ஏறுகிறவர்கள் எங்கிருந்தோ ஜீப்பில் வருகிறார்கள், போகிறார்கள்.

எனக்கு எட்டு முதல் பத்து பாடவேளை கிடைக்கும். பணம் கிடையாது. என்ன சொல்லிக் கொடுக்கலாம்? நிஜமாக எந்த வேலைகள் இருக்கின்றன, அதற்குப் பத்து அல்லது பன்னிரண்டுக்குப் பிறகு என்ன படிக்க வேண்டும்? பெண் பிள்ளைகளுக்கு என்ன வழி? பெற்றோர் கேட்பது ஒன்றே ஒன்றுதான், “ஈபியில வேலை கிடைக்குமா?” அதற்கும் நேர்மையான பதில் வேண்டும். துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

மேலே ஏறுறவன்

டீச்சர், நான்தான் அந்த ஜீப்பில் வருகிறவன். இந்தப் பக்கத்து மெஷின் இல்லை, தேனி, உடுமலை என்று சுற்றியிருக்கிறேன். ஐடிஐ எலக்ட்ரீஷியன் முடித்து, அப்ரண்டிஸ் முடித்து, பன்னிரண்டு வருடமாக விண்ட்மில் சர்வீஸ்.

முதலில் அந்தத் தம்பிக்குப் பதில். உள்ளே யாரும் குடியிருப்பதில்லை. கதவைத் திறந்தால் கண்ணுக்கு முன்னால் ஆளுயரப் பேனல், கன்ட்ரோலர், பக்கத்தில் சுவரோடு ஒட்டி மேலே போகிற ஏணி. அண்ணாந்து பார்த்தால் ஏணி சிறுத்துச் சிறுத்து ஒரு புள்ளியாகும். புது டவர்களில் ஒருத்தர் இரண்டு பேர் போகிற சின்ன லிப்ட் இருக்கிறது, பழையதில் கால்தான் லிப்ட். இடுப்பில் ஹார்னஸ், ஏணியோடு ஓடுகிற கம்பியில் கொக்கி, கால் வழுக்கினால் அது பிடித்துக்கொள்ளும். நடுவில் நிற்க மேடை உண்டு, ஆரம்பத்தில் ஒவ்வொரு மேடையிலும் உட்கார்ந்து தண்ணீர் குடிப்போம். மேலே தலைக்குள், அதாவது இறக்கைக்குப் பின்னால் இருக்கிற பெட்டிக்குள், போனால் ஆம்னி வேன் அளவுக்கு கியர்பாக்ஸ், அதற்குப் பின்னால் ஜெனரேட்டர். ஏப்ரல் மாதம் அதற்குள் நிற்பது அடுப்புக்குள் நிற்பது மாதிரி. போல்ட் டைட் வைப்பது, கிரீஸ் அடிப்பது, ஆயில் சாம்பிள் எடுப்பது, சென்சார் மாற்றுவது, இறக்கையைத் திருப்புகிற பிட்ச் சிஸ்டத்தைச் சரிபார்ப்பது, இதெல்லாம்தான் வேலை. ஸ்பானரை மறந்து கீழேயே வைத்துவிட்டு ஏறிய அனுபவம் எல்லாருக்கும் உண்டு, ஒரு தடவைக்கு மேல் யாருக்கும் இருக்காது.

ஜன்னலில் இருந்தே ஒரு பாடம் எடுக்கலாம் டீச்சர். வாட்ச்சைப் பார்த்து ஒரு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். பெரிய மெஷின், இறக்கை 50 மீட்டர் என்றால், நல்ல காற்றில் 15 சுற்று சுற்றும். ரொம்ப மெதுவாகத் தெரியும். இறக்கை நுனியின் வேகத்தைக் கணக்குப் போடச் சொல்லுங்கள், மணிக்கு 280 கிலோமீட்டர் வரும். பக்கத்திலேயே பழைய 225 கிலோவாட் சின்ன மெஷின் இருந்தால் அது 40 சுற்றுக்கு மேல் சுற்றும், ஆனால் அதன் மொத்த விட்டமே 27 மீட்டர்தான், நுனி வேகம் பெரியதைவிடக் குறைவாகத்தான் வரும். பிள்ளைகள் நம்பமாட்டார்கள். அப்புறம் கேளுங்கள், வெளியே 15 சுற்று, ஜெனரேட்டருக்கு 1,500 சுற்று பக்கம் வேண்டும், நடுவில் என்ன இருக்கணும்? கியர்பாக்ஸ் என்று அவர்களே சொல்வார்கள். சைக்கிள் பல்சக்கரம் தெரிந்த பையனுக்கு இது ஒரு விஷயமே இல்லை.

வேலைக்கு வருவோம். ஐடிஐ எலக்ட்ரீஷியன், ஃபிட்டர், இல்லை டிப்ளமோ ட்ரிபிள்-ஈ (எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ்), மெக்கானிக்கல், இவைதான் வாசல். உயரத்தில் வேலை, முதலுதவி, தீ, சரியாகத் தூக்குவது என்று ஜி.டபிள்யூ.ஓ. (காற்றாலைத் துறையின் உலக அமைப்பு) பயிற்சி கேட்பார்கள், அந்தச் சான்றிதழ் இரண்டு வருடம்தான் செல்லும், திரும்பப் புதுப்பிக்கணும். அதைச் சொந்தக் காசு கட்டிப் படித்துவிட்டு வேலை தேட வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள், பெரும்பாலும் சேர்த்துக்கொள்கிற கம்பெனியே அனுப்பும். ‘விண்ட் எனர்ஜி கோர்ஸ், நூறு சதவீதம் வேலை’ என்று ஒரு இடத்தில் வீட்டு நகையை வைத்துப் பணம் கட்டி, ஒரு டவரைக்கூடத் தொடாமல் சர்டிபிகேட் வாங்கி வந்தான் என்னோடு படித்தவன். இப்போது மதுரையில் ஏசி மெக்கானிக், நன்றாக இருக்கிறான், அந்தக் காசு போனது போனதுதான்.

கஷ்டத்தையும் சொல்லிவிடணும். மே கடைசியில் இருந்து செப்டம்பர் வரை சீசன். அப்போது மெஷின் நின்றால் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம், லீவு கிடைக்காது, ஆடிக் கொடைக்கு ஊருக்குப் போக முடியாது. நிறைய பேர் கான்ட்ராக்டில்தான் இருக்கிறார்கள். சேரும்போது கேட்க வேண்டியது மூன்று: கம்பெனி ரோலா (நேரடி ஆளா), கான்ட்ராக்டா? பிஎஃப், இஎஸ்ஐ உண்டா? இன்ஷூரன்ஸ் எவ்வளவு? இந்த மூன்றையும் கூச்சப்படாமல் கேட்க உங்கள் வகுப்பிலேயே பழக்கிவிடுங்கள், அதுவே பெரிய படிப்பு.

ஓய்வுபெற்ற லைன் இன்ஸ்பெக்டர்

டீச்சர் அம்மா, “ஈபியில வேலை கிடைக்குமா” என்ற கேள்விக்கு என் பதில்: கிடைக்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். பழைய மின்வாரியம் 2010-ல் டான்ஜெட்கோ (உற்பத்தியும் பகிர்மானமும்), டான்ட்ரான்ஸ்கோ (உயர் அழுத்த லைன்) என்று பிரிந்தது, 2024-ல் உற்பத்தி தனி, பகிர்மானம் தனி, பசுமை எரிசக்தி தனி என்று மறுபடி பிரிந்தது. ஊரில் இன்னும் ஈபி என்றுதான் சொல்வோம். கள உதவியாளர் வேலைக்கு ஐடிஐ எலக்ட்ரீஷியன் அல்லது வயர்மேன் படித்திருக்க வேண்டும், இப்போது டி.என்.பி.எஸ்.சி. மூலம் பரீட்சை வைத்து எடுக்கிறார்கள். அதனால் யாராவது “ஆளைத் தெரியும், ஐந்து லட்சம் கொடு” என்றால் அடித்து விரட்டச் சொல்லுங்கள். என் சர்வீஸில் இப்படி ஏமாந்த வீடுகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

ஆனால் மின்சார வேலை என்பது ஈபி மட்டும் இல்லை. பிள்ளைகளிடம் மின் உரிமம் பற்றிச் சொல்லுங்கள். கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று ஒன்று இருக்கிறது, வயரிங் வேலையில் அனுபவம் இருக்கிறவர்களுக்கு, பெரிய படிப்பு தேவையில்லை. அதற்கு மேல் கம்பியாள், சூப்பர்வைசர், கான்ட்ராக்டர் என்று உரிமங்கள் போகும், கிண்டியில் உள்ள மின் உரிம வாரியம் கொடுக்கிறது. ஊரில் வயரிங் பார்க்கிற எத்தனை பேரிடம் அந்தக் காகிதம் இருக்கிறது? கை வேலை சுத்தமாகத் தெரியும், காகிதம் இருக்காது, அதனால் காலம் முழுக்க இன்னொருத்தன் பெயரில் வேலை செய்வான். கையெழுத்துப் போடுகிறவனுக்குப் பாதிப் பணம் போகும்.

பாடம் எங்கே ஆரம்பிக்கலாம் என்று கேட்டால், நான் எல்.சி.யில் ஆரம்பிப்பேன். லைன் கிளியர். கம்பத்தில் ஏறுவதற்கு முன் சப்ஸ்டேஷனில் சொல்லி, லைனை நிறுத்தி, யார் பெயரில் எத்தனை மணிக்கு வாங்கினோம் என்று எழுதி, ஏ.பி. சுவிட்சை (கம்பத்தில் லைனைத் துண்டிக்கிற சுவிட்ச்) திறந்து பூட்டி, கரண்டு இருக்கிறதா என்று பார்த்து, வேலை செய்கிற இடத்துக்கு இரண்டு பக்கமும் எர்த் ராடு (லைனைத் தரையோடு இணைக்கிற கம்பி) மாட்டி, அப்புறம்தான் கை வைக்க வேண்டும். வாங்கினவன்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும், வேறு யாரும் கொடுக்கக் கூடாது. இதை வகுப்பில் நாடகமாகவே போடலாம். ஒருவன் சப்ஸ்டேஷன் ஆபரேட்டர், ஒருவன் லைன்மேன், ஒருவன் நடுவில் போன் செய்து “அண்ணே வேலை முடிஞ்சிருச்சு, லைன் விடுங்க” என்று சொல்கிற அவசரக்காரன். ஆபரேட்டராக இருக்கிற பிள்ளை லைன் கொடுக்கிறதா இல்லையா என்று பாருங்கள்.

இரண்டு பக்கமும் எர்த் எதற்கு என்று பிள்ளைகள் கேட்கணும். சப்ஸ்டேஷனில் நிறுத்திவிட்டோம், அப்புறம் எங்கிருந்து கரண்டு வரும்? யாராவது ஒரு கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டரைத் தப்பாக இணைத்திருந்தால் அது டிரான்ஸ்பார்மர் வழியாகப் பின்னால் ஏறி வரும். கீழே 230 வோல்ட்டாக நுழைந்தது மேலே 11,000 வோல்ட்டாக வெளியே வரும். டிரான்ஸ்பார்மருக்கு முன்பக்கம் பின்பக்கம் என்று தெரியாது அம்மா.

2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது எங்கள் பக்கத்தில் இருந்து லாரி ஏறி வேதாரண்யம் போனோம். ஒரு லட்சத்துக்கும் மேல் கம்பம் விழுந்திருந்தது. வயல் முழுக்கச் சேறு, தென்னை எல்லாம் ஒரே திசையில் படுத்துக் கிடந்தது. கிரேன் இறங்க முடியாத இடத்தில் கம்பத்தைத் தோளில் வைத்து, வடம் போட்டு இழுத்து நட்டோம். ஒரு தெருவுக்கு லைன் கொடுத்த அன்றைக்கு ஒரு கிழவி மண்ணெண்ணெய் விளக்கை ஊதி அணைத்துவிட்டு எங்களுக்குக் கருப்பட்டிக் காபி போட்டாள், பால் இல்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, பிள்ளைகள் இந்த வேலையை இப்படியும் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பெயர் போடல

மன்னிக்கணும், எல்லாரும் லைன்மேன், வயர்மேன், டவர் ஏறுவது என்றே பேசுகிறீர்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் என்றால் ஏணிதானா? தனியார் பள்ளியில் இதே பாடவேளையில் ஐஐடி, ஆராய்ச்சி என்று பேசுவார்கள். என் மகள் அரசுப் பள்ளியில்தான் படிக்கிறாள், அவளுக்குக் கம்பம் ஏறுவதைப் பற்றி யாராவது வகுப்பு எடுத்தால் எனக்குக் கோபம் வரும்.

வள்ளியூர் டீச்சர்

கோபம் நியாயம்தான். எனக்கும் அந்தப் பயம் இருந்ததால்தான் முதல் வகுப்பில் படம் காட்டி ஒப்பேற்றினேன் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் என் வகுப்பில் 41 பேர். எல்லாரும் இன்ஜினியரிங் போகப் போவதில்லை, போகாதவர்களுக்குப் பத்தாம் வகுப்பு முடிந்த மே மாதத்தில் யாரும் எதுவும் சொல்வதில்லை, பனியன் கம்பெனி வேன் வருகிறது, ஏறிப் போய்விடுகிறார்கள். பெரிய படிப்பு வேலைகளையும் யாராவது சொல்லுங்கள், இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

கோவை கூரை சோலார்

டீச்சர், கூரை மேல் சோலார் போட்டுக் கொடுக்கிற சின்ன கம்பெனி வைத்திருக்கிறேன், ஒன்பது பேர். அந்த அப்பா கேட்டதற்கும் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

என்னிடம் வேலைக்கு வருகிற பி.இ. பசங்களிடம் நான் கேட்கிற முதல் கேள்வி, “540 வாட் பேனல், வெயிலில் சும்மா வைத்திருக்கிறேன், எதிலும் இணைக்கவில்லை, அதில் வோல்டேஜ் இருக்கா?” பாதிப் பேர் இல்லை என்பார்கள். ஒரு பேனலில் 50 வோல்ட் பக்கம் இருக்கும். வீட்டுக்கு 6 பேனலை வரிசையாகக் கோர்த்தால் 300 வோல்ட், அதுவும் டி.சி. ஏ.சி. மாதிரி நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொட்டுப் போகாது, அதனால் லூசான இணைப்பில் பொறி பிடித்தால் அணையாமல் எரியும். மெயினை ஆப் செய்தாலும் பேனலில் இருந்து வருகிற வயரில் கரண்டு இருக்கும், ஏனென்றால் சூரியனுக்கு மெயின் சுவிட்ச் கிடையாது. “சோலார் ஷாக் அடிக்காது சார்” என்று சொல்லிக்கொண்டு வந்த ஒரு பையனை முதல் வாரமே மொட்டை மாடியில் தூக்கி வாரிப் போட்டது, நல்லவேளை பாரப்பெட் சுவர் இருந்தது. உங்கள் வகுப்பில் ஒரு சின்ன 12 வோல்ட் பேனல், ஒரு மல்டிமீட்டர் போதும். வெயிலில் பிடித்து கரண்டை (ஆம்பியர்) அளக்கச் சொல்லுங்கள், கால்வாசியை நோட்டுப் புத்தகத்தால் மறைக்கச் சொல்லுங்கள். கால்வாசி நிழலுக்குக் கால்வாசிதான் குறையும் என்று நினைப்பார்கள், அதைவிட எவ்வளவோ விழும். மாடியில் சின்டெக்ஸ் டேங்க் நிழல் ஏன் எங்களுக்கு எதிரி என்று அப்போது புரியும்.

இன்னொரு சோதனை, காலை ஒன்பது மணிக்கும் மத்தியானம் ஒரு மணிக்கும் பேனலைச் சூரியனுக்கு நேராகத் திருப்பி வோல்டேஜ் அளக்கச் சொல்லுங்கள். சூடு ஏற ஏற வோல்டேஜ் இறங்கும். ஒரு டிகிரிக்குப் பேனலின் திறன் 0.3, 0.4 சதவீதம் குறையும் என்பதற்குக் காரணம் கண்ணுக்கே தெரியும். ‘அக்னி நட்சத்திரத்தில் சோலார் பிய்த்துக்கொண்டு ஓடும்’ என்று நம்புகிற பெரியவர்களுக்கும் காட்டலாம்.

வேலை கணக்கு. தமிழ்நாட்டில் 1 கிலோவாட் போட்டால் சராசரி ஒரு நாளைக்கு 4 யூனிட், அதற்கு 100 சதுர அடி நிழலில்லாத இடம். 2024 பிப்ரவரியில் ஆரம்பித்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம், அதற்குப் பிறகு போன் நிற்கவில்லை. ஒரு வீட்டுக்கு என்னென்ன வேலை என்று பாருங்கள்: போய் இடம் அளந்து நிழல் பார்க்கணும், வரைபடம் போடணும், வங்கிக் கடனுக்கும் மானியத்துக்கும் ஆன்லைனில் பதியணும், மாடியில் ஒழுகாமல் துளை போட்டு ஸ்ட்ரக்சர் நிறுத்தணும், வயரிங், எர்த் குழி, இடிதாங்கி, அப்புறம் இருவழி மீட்டருக்கு ஈபி ஆபீஸ் நடக்கணும், அதற்கப்புறம் ஐந்து வருடம் “தம்பி இன்னைக்கு யூனிட் கம்மியா காட்டுது” என்று போன் எடுக்கணும். இதில் பேனல் தூக்குவது மட்டும்தான் உடம்பு வேலை. என்னிடம் வரைபடமும் பதிவு வேலையும் பார்ப்பது இரண்டு பெண்கள், ஒருவர் பி.எஸ்சி. பிசிக்ஸ், ஒருவர் பிளஸ் டூ தொழிற்கல்வி முடித்து டிப்ளமோ இரண்டாம் வருடத்தில் நேரடியாகச் சேர்ந்தவர். ஐடிஐ முடித்தவர்களுக்கும் அந்த நேரடி வழி உண்டு, இதை அந்த அப்பாவுக்கு அழுத்திச் சொல்கிறேன்: ஏணியில் ஆரம்பித்தால் ஏணியிலேயே நிற்கணும் என்று சட்டம் இல்லை. ஐடிஐ, டிப்ளமோ, பகுதி நேர பி.இ. என்று போய், இப்போது எனக்கே இன்ஸ்பெக்ஷன் வருகிற அதிகாரி ஒருவர் இருக்கிறார்.

ஒரு எச்சரிக்கை. பெரிய சோலார் பார்க் வந்தால் ஊருக்கே வேலை என்று பேசுவார்கள். கமுதியில் 648 மெகாவாட் நிலையம் 2016-ல் வந்தது, 2,500 ஏக்கர், கட்டும்போது சுமார் 8,500 பேர் வேலை செய்தார்கள், எட்டு மாதத்தில் முடித்தார்கள். முடிந்த பிறகு? பேனலைத் துடைக்கக்கூட ரோபோ. கட்டுகிற வேலை வேறு, ஓட்டுகிற வேலை வேறு, கட்டுகிற வேலை ஊர் ஊராக நகரும். நிலையாக ஒரே இடத்தில் வேலை வேண்டும் என்றால் பேனல் செய்கிற தொழிற்சாலைகளைப் பாருங்கள். உங்கள் மாவட்டத்திலேயே கங்கைகொண்டானில் டாடா பவர் நிறுவனம் சோலார் செல்களையும் பேனல்களையும் செய்கிறது, உற்பத்திப் பிரிவில் பெண்கள்தான் அதிகம். டிப்ளமோ முடித்த பெண் பிள்ளைகளுக்கு அது பஸ் தூரத்தில் இருக்கிற வேலை.

மேலே ஏறுறவன்

கூரை சோலார் அண்ணன் சொன்னதில் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். காற்றாலையிலும் அதேதான், பழைய சின்ன மெஷின் பத்தைக் கழற்றிவிட்டு ஒன்றிரண்டு பெரியது வைக்கிறார்கள், 2024-ல் அதற்கு அரசு கொள்கையே வந்துவிட்டது. மெகாவாட் கூடும், வாட்ச்மேன் குறைவார். டீச்சர் சொன்ன அந்த அப்பாமாருக்கு இது நல்ல செய்தி இல்லை.

சென்னை ஷிப்ட் இன்ஜினியர்

பெரிய படிப்பு வேலை கேட்டார்கள், நான் அந்த வகை. மின்சுமையைக் கவனிக்கிற கட்டுப்பாட்டு அறையில் ஷிப்ட் பார்த்தவன். எம்.இ. பவர் சிஸ்டம்ஸ்.

எங்கள் அறையில் எல்லாரும் பார்ப்பது ஒரே ஒரு எண், 50. ஹெர்ட்ஸ், அதாவது ஏ.சி. கரண்டு நொடிக்கு எத்தனை தடவை ஊசலாடுகிறது என்ற கணக்கு. உற்பத்தியைவிடச் செலவு கூடினால் அது இறங்கும். 49.9-க்குக் கீழே இறங்கினால் எல்லாரும் நிமிர்ந்து உட்காருவோம். 2013 டிசம்பர் 31-ல் தென்னக மின் கட்டமைப்பு மற்ற இந்தியாவோடு இணைந்த பிறகு நாடு முழுக்க ஒரே எண். வள்ளியூரில் மிக்சி போட்டால் அசாமில் ஓடுகிற ஜெனரேட்டருக்கும் துளி பாரம் ஏறும். சேமித்து வைக்காத வரைக்கும் உற்பத்தியும் செலவும் அந்த நொடியிலேயே சமமாக இருந்தாக வேண்டும், இதுதான் தொழிலின் முடிச்சு. ஜூலையில் நள்ளிரவு காற்று பேய் மாதிரி அடிக்கும், ஆனால் ஊர் தூங்கும். மாலை ஆறரைக்கு சோலார் செத்துவிடும், அப்போதுதான் எல்லா வீட்டிலும் விளக்கு, டிவி, ஏசி. இந்த இடைவெளியை மூடுகிற வேலையில்தான் இனி ஆள் வேண்டும்: நாளைக்குக் காற்று எவ்வளவு என்று கணிப்பவர்கள், பேட்டரிக்காரர்கள், மென்பொருள் எழுதுபவர்கள்.

ஆனைமலையில் காடம்பாறை என்று ஒரு இடம், 1987-ல் இருந்து ஓடுகிறது, மலைக்குள் குடைந்த நிலையம், 4 ஜெனரேட்டர், மொத்தம் 400 மெகாவாட். மிச்ச மின்சாரம் இருக்கும்போது தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றும், மாலையில் கீழே விட்டு மின்சாரம் எடுக்கும். தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் போட்டுத் தொட்டி நிறைக்கிற பிள்ளைக்கு இதை விளக்கப் படமே தேவையில்லை.

வகுப்புக்கு: பழைய பிரிண்டர் கடையில் இரண்டு டி.சி. மோட்டார் வாங்குங்கள், கெஞ்சினால் சும்மாவே கொடுப்பார்கள். ஒன்றின் தண்டை விரலால் சுழற்றச் சொல்லுங்கள், லேசாக ஓடும். இப்போது அதன் இரண்டு வயரையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டுச் சுழற்றச் சொல்லுங்கள். விரல் திணறும். சுமை என்றால் என்ன என்று பத்துப் பக்கம் எழுதியும் புரியாதது அந்த விரலுக்குப் புரிந்துவிடும். அப்புறம் இரண்டு மோட்டாரையும் வயரால் இணைத்து ஒன்றைச் சுழற்றினால் இன்னொன்று தானாகச் சுழலும், ஒன்று காற்றாலை, ஒன்று மிக்சி.

உங்கள் ஊரில் இருந்து கயத்தாறு ஒன்றும் ரொம்பத் தூரமில்லை, தேசிய காற்றாலை நிறுவனத்தின் சோதனை நிலையம் அங்கே இருக்கிறது. தலைமை அலுவலகம் இங்கே பள்ளிக்கரணையில். பள்ளியில் இருந்து முறையாகக் கடிதம் எழுதிக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு வாத்தியார்

செலவே இல்லாத ஒன்று. ஈபி மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டும், பக்கத்தில் 3200 இம்ப் என்று போட்டிருக்கும், சில மீட்டரில் 1600. அதாவது 3,200 தடவை சிமிட்டினால் 1 யூனிட். வீட்டில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாகப் போட்டு, ஒரு நிமிடத்துக்கு எத்தனை சிமிட்டல் என்று எண்ணச் சொல்லுங்கள். 1,000 வாட் அயர்ன் பாக்ஸ் 53. பழைய 75 வாட் ஃபேன் 4. கரண்டு குறைவாக இழுக்கிற புது பி.எல்.டி.சி. ஃபேன் ஒன்றரை. நான் எட்டாம் வகுப்புக்கே செய்தேன், அடுத்த நாள் மூன்று அம்மாக்கள் ஃபேன் விலை கேட்டு வந்தார்கள்.

வள்ளியூர் டீச்சர்

எல்லாருக்கும் நன்றி, பத்து நாள் கழித்து எழுதுகிறேன். கதவுக்குள் என்ன இருக்கிறது என்பதைத் தம்பி எழுதிய மாதிரியே வாசித்துக் காட்டினேன், ஸ்பானர் இடத்தில் வகுப்பு அதிர்ந்தது. நுனி வேகக் கணக்கில் நாலு பேர் விட்டத்தையும் ஆரத்தையும் மாற்றிப் போட்டு 560 கொண்டு வந்தார்கள், விமானமா என்று கேட்டதற்குத் திருத்திக்கொண்டார்கள். எல்.சி. நாடகத்தில் ஆபரேட்டராக இருந்த பெண் “உங்க பேரு இந்த நோட்டுல இல்லையே, வாங்குனவரைப் பேசச் சொல்லுங்க” என்று போனை வைத்துவிட்டாள். சொல்லிக்கொடுக்காமலே.

மீட்டர் சிமிட்டலைத்தான் எல்லாரும் செய்துகொண்டு வந்தார்கள். அதில் ஒரு சந்தேகம். ஒரு பையன் வீட்டில் எல்லாச் சுவிட்சையும் நிறுத்தியும் நிமிடத்துக்கு ஒரு தடவை சிமிட்டுகிறதாம். அவன் அப்பா மீட்டர் ரிப்பேர் என்கிறார். அவன் இல்லை, எங்கேயோ போகிறது என்கிறான்.

இன்னொன்று, ஒரு பிள்ளை கேட்டாள், மாடியில் சோலார் போட்ட பக்கத்து வீட்டில் கரண்டு போனால் அவர்களுக்கும் போய்விடுகிறதே, பட்டப்பகலில், வெயில் அடிக்கும்போது, ஏன்?

கோவை கூரை சோலார்

முதல் கேள்வி: நிமிடத்துக்கு ஒன்று என்றால் 20 வாட் பக்கம். வீட்டில் இன்வெர்ட்டர் பேட்டரி இருக்கா, செட்டாப் பாக்ஸ் பிளக்கில் இருக்கா என்று பார்க்கச் சொல்லுங்கள், சுவிட்சை நிறுத்தினாலும் இன்வெர்ட்டர் சார்ஜ் ஏறும். அதையும் கழற்றிய பிறகும் சிமிட்டினால் லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிடணும், பையன் தானாகப் பெட்டியைத் திறக்க வேண்டாம்.

இரண்டாவதை இன்ஸ்பெக்டர் ஐயா சொன்ன கல்யாண மண்டப ஜெனரேட்டரோடு சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், பதில் அங்கேயே இருக்கிறது. தெருவில் லைன் போனதும் சோலார் இன்வெர்ட்டர் (பேனலின் டி.சி.யை ஏ.சி.யாக்குகிற பெட்டி) தானாக நிற்கணும் என்று விதி.

ஓய்வுபெற்ற லைன் இன்ஸ்பெக்டர்

அந்தப் பிள்ளை கேட்டது நல்ல கேள்வி. நிற்கவில்லை என்றால் கம்பத்தில் இருக்கிறவன் கதி என்ன என்று அவளையே யோசிக்கச் சொல்லுங்கள். நான் நாங்குநேரியில்தான் இருக்கிறேன். கூப்பிட்டால் எர்த் ராடும் பழைய பெல்ட்டும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

மேலே ஏறுறவன்

டீச்சர், நான் வர ஆசைதான், ஆனால் இப்போது சீசன். செப்டம்பர் கடைசியில் காற்று படுத்துவிடும். அப்போது ஒரு சனிக்கிழமை சொல்லுங்கள், ஹார்னஸ் கொண்டு வருகிறேன், வேப்பமரத்தில் கட்டித் தொங்கிப் பார்க்கட்டும்.